இந்தப் பழைய போட்டோவில் மடியில் இருப்பது "ஃப்ரையிங் பேன்" தானா? (ஹவாய் இசைக்குழு, லாஸ் ஏஞ்சலஸ்)

#1 பசடேனா_பழசு

வணக்கம் மக்களே. இங்க ரோஸ் போல் சந்தையில ஒரு பெரியவர் அட்டைப்பெட்டி நிறைய பழைய போட்டோ குவிச்சு வெச்சிருந்தார். அதுல கிளறி எடுத்தது இது. 8x10 கருப்பு வெள்ளை. பின்னாடி தென்னை மரம் வரைஞ்ச திரை, நாலு பேர், கழுத்துல பூமாலை. பேரு, தேதி எதுவும் முன்பக்கத்துல இல்ல.

நடுவுல உக்காந்திருக்கிறவர் மடியில சின்னதா, கருப்பா, பளபளன்னு ஒரு ஸ்டீல் கிட்டார் (மடியில படுக்கவெச்சு, கம்பி மேல இரும்புக் கட்டையைத் தேச்சு வாசிக்கிறது). அதுமேல அங்கங்க வெள்ளைத் திட்டு. இடது ஓரத்துல நிக்கிறவர் கையில எஃப்-ஹோல் (வயலின்ல இருக்கிற மாதிரி எஃப் வடிவ ஓட்டை) வெட்டின கிட்டார், அதுலேருந்து ஒயர் இறங்குது. வலது பக்கம் யுகலேலே, அதுக்குப் பின்னாடி டபுள் பாஸ். முன்னால பருமனா ஒரு மைக். பாஸ்காரர் காலுக்குப் பக்கத்துல பாதி வெட்டுப்பட்ட ஒரு பெட்டி, ஆம்ப்பா இருக்கலாம்.

மடியில இருக்கிறது ரிக்கன்பேக்கர் கம்பெனியோட முதல் மின்சார ஸ்டீல் கிட்டார், அந்த ஃப்ரையிங் பேன்தானே? அப்படின்னா 1932, 33-ன்னு எழுதி ஃப்ரேம் போட்டுடலாமா? உக்காந்திருக்கிறவர்கிட்ட பிரபல ஹவாய் ஸ்டீல் கிட்டார்காரர் சோல் ஹோபீ சாயல் வேற தெரியுது. அதையும் சொல்லுங்க.

#2 ஆறுகம்பி

ஸ்டீல் பத்தி லிங்கம் அண்ணன் வந்து சொல்லட்டும். இடது ஓரத்து கிட்டார்ல எனக்குச் சந்தேகமே இல்ல, கிப்சன் இஎஸ்-150. ஃபிங்கர்போர்டு (கழுத்து மேல விரல் வைக்கிற பலகை) முடியற இடத்துல குறுக்கா ஒரு நீட்டு பிக்கப் (கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்தற காந்தப் பகுதி) தெரியுது பாருங்க. ஜாஸ் கிட்டார்காரர் சார்லி கிறிஸ்டியன் பேரைச் சொல்லி எல்லாரும் கூப்பிடற பிக்கப் அதுதான். அதோட காந்தம் ரெண்டும் ரொம்ப நீளம், கிட்டாரோட மேல்பலகைக்கு அடியில படுத்திருக்கும். அதைத் தொங்கவிட மேல்பலகையில மூணு ஸ்க்ரூ போட்டிருப்பாங்க. பிக்கப் எதுன்னு பிடிபடலன்னா அந்த மூணு ஸ்க்ரூவைத் தேடுங்க, முக்கோணமா உக்காந்திருக்கும். அந்தக் காலத்துல வேற எந்தக் கம்பெனி கிட்டார்லயும் அப்படிப் பார்த்ததில்ல.

ஆம்ப், ஒயரோட சேத்து 150 டாலர் வாக்குல வித்ததால அந்தப் பேரு. வந்தது 1936. அதனால உங்க 1932 கணக்கு அங்கேயே அடிபட்டுப் போச்சு.

#3 லிங்கம்_லேப்ஸ்டீல்

தம்பி, அது ஃப்ரையிங் பேன் இல்லை. பேரைக் கேட்ட உடனே எல்லாரும் அதைத்தான் நினைக்கினம்.

ஃப்ரையிங் பேன் எண்டது ஒரே வார்ப்பிலை எடுத்த அலுமினியம். உடம்பு சரியான வட்டம், அதிலையிருந்து நீளமா ஒரு கழுத்து. இடுப்பு எண்ட ஒண்டு அதுக்குக் கிடையாது. அதைக் கண்டுபிடிச்ச ஜோர்ஜ் பீச்சம் 1931-ல மரத்திலை மாதிரி செய்விச்சு, 1932-ல சந்தைக்கு வந்தது. 22½ அங்குல ஸ்கேல் (வாசிக்கிற கம்பி நீளம்) உள்ளதுக்கு ஏ-22, 25 அங்குலத்துக்கு ஏ-25. அலுமினியம் எண்டபடியால் படத்திலை சாம்பலாத்தான் விழும். உங்கட படத்திலை கருப்பா மினுங்குது, தோளும் இடுப்பும் தெரியுது. சின்னக் கிட்டார் உருவம்.

என்ர கணிப்பு: அதே ரிக்கன்பேக்கர், ஆனால் பேக்கலைட் எண்ட பழைய பிளாஸ்டிக்கிலை வார்த்த மொடல் பி. 1935-ல வந்தது. அலுமினியம் மேடை விளக்குச் சூட்டுக்கு விரிஞ்சு சுருதி இறங்கிப்போகுது எண்டதுதான் பேக்கலைட்டுக்கு மாறினதுக்குச் சொல்லுற காரணம். கனம் குறையட்டும் எண்டு உள்ளுக்குப் பள்ளம் விட்டு, மேலை அஞ்சு தகடு போட்டு மூடினவை. நீங்கள் வெள்ளைத் திட்டு எண்டு சொல்லுறது அந்தத் தகடுகள்தான்.

படத்தைப் பெரிசாக்கிப் போடுங்கோ. கம்பிக்கு மேலாலை வளைஞ்சு போற ரெண்டு இரும்புப் பட்டை தெரிய வேணும். அதுதான் பிக்கப்பின்ர லாடக் காந்தம். அது தெரிஞ்சால் வேற பேச்சுக்கு இடமில்லை.

#4 தரைதட்டிய_ஸ்ட்ராட்

அண்ணே, கருப்பு வெள்ளை லேப் ஸ்டீல்னா (மடியில வெக்கிற ஸ்டீல் கிட்டார்) நேஷனல் கம்பெனியோட நியூயார்க்கர் ஆகாதா? அதுவும் முப்பதுகள்ல வந்ததுதானே. நெட்ல பார்த்தா செம அழகா இருக்கு.

#5 லிங்கம்_லேப்ஸ்டீல்

நல்ல கேள்வி. நியூயார்க்கரின்ர உடம்பு படிப்படியா வெட்டின மாதிரி, வானுயரக் கட்டிடத்தின்ர உருவம். ஓரமெல்லாம் நேர்க்கோடு. வெள்ளை நடுவிலை பட்டையா ஓடும், தனித்தனித் திட்டா நிக்காது. முக்கியமா, நேஷனலிலை கம்பிக்கு மேலாலை எந்த இரும்பும் வளைஞ்சு போகாது. லாடம் இருந்தால் ரிக்கன்பேக்கர். அவ்வளவுதான்.

அந்த நேரத்திலை சிக்காகோ, க்ளீவ்லன்ட் பக்கமெல்லாம் வீடு வீடாப் போய் ஹவாயன் கிட்டார் பழக்கி, கூடவே கருவியையும் வித்த ஆக்கள் நிறைய. மாணவர்களுக்கு வித்த மலிவுச் சாமான்களிலை பாதி முத்துச்சிப்பி மாதிரி மினுங்கிற பிளாஸ்டிக் ஒட்டினது. சேகரிப்பாளர்கள் அதை "கக்கூஸ் சீட்டு முத்து" எண்டு பகிடியாச் சொல்லுறவை. அதுகளைப் படத்திலை பார்த்துக் கம்பெனி சொல்லுறது கஷ்டம். ஒரே தொழிற்சாலையிலை செய்து பத்துப் பேரின்ர பேர் ஒட்டி வித்தவை. உங்கட படத்திலை அந்தத் தலையிடி இல்லை.

#6 பசடேனா_பழசு

1200 டிபிஐ-ல திரும்ப ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்தை வெட்டிப் போட்டிருக்கேன்.

ஸ்டீல்: லிங்கம் அண்ணா சொன்ன வளைவு ரெண்டும் பளிச்சுனு தெரியுது. தகடு அஞ்சுல நாலு தெரியுது, அஞ்சாவது கைக்கு அடியில. எஃப்-ஹோல் கிட்டார்: ஆறுகம்பி சொன்ன மூணு ஸ்க்ரூவும் இருக்கு! நான் அதைத் தூசின்னு நெனச்சு துடைக்கப் போனேன்.

#7 ஆறுகம்பி

அப்போ முடிஞ்சது. பேக்கலைட் 1935, இஎஸ்-150 1936. படம் 1936-லேருந்து 39-க்குள்ள. 1940-ல இஎஸ்-150-க்கு பிக்கப்பை மாத்திட்டாங்க. உலோக மூடி போட்ட செவ்வகம் வந்தது, அதுவும் பிரிட்ஜ் (உடம்பு மேல கம்பியைத் தாங்கற கட்டை) பக்கமா நகர்ந்து போச்சு. உங்க கிட்டார்ல பழைய பிக்கப்தான் இருக்கு.

கிறிஸ்டியன் பேரை இழுத்ததால ஒரு சின்ன ஆதங்கத்தையும் கொட்டிடறேன். அவரோட படம் எது போட்டாலும் கீழ "இஎஸ்-150" ன்னு எழுதிடறாங்க. அவர் கையில இஎஸ்-250 இருக்கிற படமும் நிறைய. அது 17 அங்குல உடம்பு, 150-ஐ விட அகலம். ஃபிங்கர்போர்டைப் பாருங்க: 150-ல வெறும் புள்ளி, 250-ல பெருசா பதிச்ச வேலைப்பாடு. புள்ளியா பூவான்னு பார்க்க ரெண்டு நொடி ஆகுமா? அதைக்கூடப் பார்க்காம புஸ்தகமே போடறாங்க.

#8 இருட்டறை_அகிலா

கிட்டார் எனக்குத் தெரியாது. பிரிண்ட் போடறது என் தொழில், அதனால பாத்துட்டே இருந்தேன். லிங்கம் அண்ணா, அந்தத் தகடெல்லாம் குரோமா, பெயின்ட்டா? ரெண்டு விதமும் வந்துச்சா?

#9 லிங்கம்_லேப்ஸ்டீல்

ரெண்டும் வந்தது தங்கச்சி. தொடக்கத்திலை குரோம். 1940 அளவிலை வெள்ளை எனாமல் அடிச்ச தகடு வந்தது, போருக்குப் பிறகும் வெள்ளைதான். அதனாலை இது ஆறுகம்பியின்ர கணக்கைக் கவிழ்க்கக்கூடிய கேள்வி. ஆனால் ஒரு இடக்கு இருக்கு: விளக்கு நேரா விழுந்தால் குரோமும் வெள்ளையாத்தான் படத்திலை தெரியும். இதாலை நிறையப் பேர் சறுக்கியிருக்கினம்.

#10 இருட்டறை_அகிலா

இதைக் கண்டுபிடிக்க முடியும். அந்த ஸ்கேன்ல அவரோட வலது கையைப் பாருங்க. மேல இடது பக்கத்துலேருந்து விளக்கு அடிச்சிருக்காங்க, கை நிழல் கீழ ரெண்டாவது தகடு மேல விழுது. கண்ணாடி மாதிரி இருக்கிற பரப்புல நிழல் நிக்காது. அங்க கையோட பிம்பம்தான் தெரியும், விரலோட, நகத்தோட. இங்க பிம்பம் இல்ல, சாம்பலா ஓரம் மங்கின நிழல்தான் இருக்கு, அது பக்கத்துல இருக்கிற கருப்பு உடம்புல வந்ததும் காணாமப் போயிடுது. இன்னொண்ணு, அதே படத்துல லாட வளைவு நிச்சயமா குரோம். அதுல ஒரு கோடு சுத்த வெள்ளை, பக்கத்துலயே ஒரு கோடு சுத்தக் கருப்பு. தகடு நாலும் ஒரே சீரான வெள்ளை. பெயின்ட்தான்.

நிறத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. கிட்டாரோட சன்பர்ஸ்ட் (நடுவுல வெளிறி ஓரம் கருக்கிற நிறப்பூச்சு) எவ்வளவு சிவப்புன்னு இதுலேருந்து யாரும் சொல்ல முடியாது. ஆர்த்தோ ஃபிலிம்னா அது சிவப்பையே பார்க்காது, சிவப்பு கருப்பா விழும், நீலம் வெளுத்துடும். எல்லா நிறத்தையும் பார்க்கிற பான்க்ரோ ஃபிலிம் வந்த பிறகும் சில ஸ்டுடியோ ஆர்த்தோவையே வெச்சிருந்தாங்க. பின்னாடி வந்த ஃபெண்டர் கிட்டார்ல வெளிர் நீலத்தையும் வெள்ளையையும் கருப்பு வெள்ளைப் படத்துல பிரிச்சுச் சொல்றேன்னு யாராவது வந்தா நம்பாதீங்க.

#11 லிங்கம்_லேப்ஸ்டீல்

நிழல் விசயம் அபாரம். எனக்கு இது இவ்வளவு நாளாத் தோன்றவே இல்லை, இனிப் பழைய படம் எல்லாத்தையும் தூசு தட்ட வேணும்.

அப்ப தகடு வெள்ளை, ஆகவே 1940 அல்லது அதுக்குப் பிறகு. அடுத்தது லாடத்தின்ர அகலம். போருக்கு முன்னம் 1½ அங்குலம். போர் முடிஞ்சு சில காலத்திலை 1¼ ஆக்கிப்போட்டினம். கால் அங்குலத்தை வெறுங்கண்ணாலை பிடிக்க ஏலாது, ஆனால் விகிதம் பிடிக்கலாம். கம்பி நீளம் 22½. அதை 1½ ஆலை பிரிச்சால் 15. 1¼ ஆலை பிரிச்சால் 18. தம்பி, நட்டிலிருந்து (கழுத்து நுனியிலை கம்பியைத் தாங்குற கட்டை) பிரிட்ஜ் வரைக்கும் எத்தனை பிக்சல், லாடப் பட்டை கம்பி ஓடுற திசையிலை எத்தனை பிக்சல் எண்டு அளந்து சொல்லுங்கோ. கருவி கமராவுக்குச் சாய்ஞ்சு இருந்தாலும் ரெண்டு அளவும் ஒரே கோட்டிலை கிடக்குறதாலை கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் சுருங்கும்.

#12 பசடேனா_பழசு

நட் – பிரிட்ஜ் 1240. லாடம் 81. வகுத்தா 15.3.

#13 லிங்கம்_லேப்ஸ்டீல்

பழைய அகல லாடம். வெள்ளைத் தகடும் அகல லாடமும் சேர்ந்தால் 1940-க்குக் கிட்ட செய்த கருவி.

#14 வால்வுமாமா

ஏனுங்க, எல்லாரும் கிட்டாரையே முறைச்சுப் பாத்துட்டு இருக்கறீங்க, முன்னால இருக்கற மைக்கை ஒருத்தரும் பாக்கலையே? கார் முன்பக்கம் மாதிரி வரி வரியா இருக்குதுல்ல, அது ஷ்யூர் 55 யூனிடைன். 1939-ல வந்தது. இதே முகவெட்டுல சின்னதா ஒண்ணு, 55எஸ், 1951-ல வந்தது. இன்னைக்கு ரெட்ரோ போஸ்டர்ல எல்லாரும் வரையறது அந்தச் சின்னதைத்தான். யுகலேலேக்காரர் முஷ்டிக்குப் பக்கத்துலதான் மைக் நிக்குது, முஷ்டியை விட நல்லாப் பெருசு. அதனால பழைய பெருசுதான்.

மைக்கு, ஆம்ப்பு ரெண்டும் தேதி சொல்றதுல கிட்டாரை விடக் கெட்டிங்க. ஃபெண்டர் ஆம்ப்பையே எடுத்துக்குங்க. டிவி பெட்டி மாதிரி முகம் இருந்தா 1948-லேருந்து 52. முகத்துல மேலயும் கீழயும் அகலப் பலகை இருந்தா 53-லேருந்து 55. அப்புறம் 60 வரைக்கும் குறுகின பலகை. தூரத்துலேருந்து எடுத்த படத்துலயும் அந்தச் சட்டம் தெரிஞ்சுடும். கிட்டார்ல ஒரு ஸ்க்ரூவைத் தேடி மண்டையை உடைச்சுக்க வேண்டியதில்ல.

#15 ஆறுகம்பி

ரொம்ப நல்லதாப் போச்சு மாமா. மைக் 1939-க்கு அப்புறம். தகடு 1940 வாக்குல. இஎஸ்-150 பழைய பிக்கப், 1940-ல நிறுத்தினது. மூணும் வெட்டிக்கிற இடம் ஒரே வருஷம்: 1940. கேஸ் க்ளோஸ்.

#16 இருட்டறை_அகிலா

அது எப்படி சார் க்ளோஸ்? 1940-ல பழைய பிக்கப்பை நிறுத்தினாங்கன்னா, அதுக்கு முன்னாடி வாங்கின கிட்டாரை எல்லாரும் தூக்கிப் போட்டாங்களா? மைக்கும் தகடும் "இதுக்கு முன்னாடி இருக்க முடியாது"ன்னு சொல்லுது. சரி, ஒத்துக்கறேன். கிட்டார் "இதுக்கு அப்புறம் இருக்க முடியாது"ன்னு சொல்லவே சொல்லாது. 36-ல வாங்கினதை 50-ல வாசிக்கலாம். எங்க அப்பா கல்யாணத்துக்கு வாங்கின வாட்சை நான் இன்னைக்குக் கட்டிட்டு போட்டோ எடுத்தா, படம் எழுபதுகள்ல எடுத்ததுன்னு ஆயிடுமா?

படத்துல இருக்கிறதுல எது ரொம்பப் புதுசோ அதுதான் பேசணும். மத்ததெல்லாம் சும்மா கூட வந்தது.

பசடேனா சார், பின்பக்கம் என்ன இருக்கு? முன்பக்கத்துல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க, பின்பக்கத்தைப் பத்தி வாயே திறக்கல.

#17 லிங்கம்_லேப்ஸ்டீல்

அகிலா சொல்லுறது சரி. போர் வந்த உடனே, 1942-ல, இந்தக் கருவிகள் செய்யிறதே நிண்டுபோச்சு. இரும்பு, அலுமினியம் எல்லாம் ஆயுதத்துக்குப் போனது. அப்ப 43, 44, 45-ல மேடையிலை வாசிச்ச ஆக்கள் எல்லாரின்ர கையிலையும் போருக்கு முந்தின கருவிதான் இருந்திருக்கும். பேக்கலைட்டை ரசிக்கிற ஆக்கள் இண்டைக்கும் முன்னையதைத்தான் தேடி வாங்கினம்.

#18 பசடேனா_பழசு

பின்னாடி ஊதா மையில ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஸ்டுடியோ பேரு பாதிக்கு மேல அழிஞ்சு போச்சு. கீழ் வரி மட்டும் படிக்க முடியுது: "... ஸ்ட்ரீட், லாஸ் ஏஞ்சலஸ் 14, கலிஃப்." அந்த 14 கடை நம்பர் இடம் மாறி வந்ததா இருக்கும்னு விட்டுட்டேன். பென்சில்ல ஒரு நெகட்டிவ் நம்பரும் இருக்கு.

#19 இருட்டறை_அகிலா

இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! 14 கடை நம்பர் கிடையாது சார், தபால் மண்டலம். அமெரிக்காவுல பெரிய ஊர்களுக்கு இந்த ஒண்ணு ரெண்டு இலக்க மண்டல நம்பர் 1943-ல வந்தது. 1963-ல ஐந்து இலக்க ஜிப் கோடு வந்ததும் வழக்கொழிஞ்சு போச்சு. பழைய மண்டல நம்பரைத்தான் பல இடத்துல ஜிப் கோடோட கடைசி ரெண்டு இலக்கமா வெச்சாங்க. உங்க ஊர் டவுன்டவுன்ல 90014 இருக்கே, அதுதான் இந்த 14.

ஆக ஸ்டாம்ப் குத்தினது 1943-க்கு அப்புறம், 1963 வாக்குக்கு முன்னாடி.

ஒரு யூவி டார்ச் வாங்கிட்டு வந்து இருட்டுல பிரிண்ட் மேல அடிச்சுப் பாருங்க. ஐம்பதுகள்லேருந்து போட்டோ பேப்பர்ல வெண்மை கூட்டற ரசாயனம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. அது இருந்தா பேப்பர் நீல வெள்ளையா ஒளிரும். ஒளிராட்டி எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது, ஏன்னா பின்னாடியும் அது சேர்க்காத பேப்பர் இருந்தது. ஒளிர்ந்தா மட்டும் பிரிண்ட் பிற்காலம்.

#20 ஆறுகம்பி

ஸ்டாம்ப் சொல்றது பிரிண்ட் போட்ட தேதி. படம் எடுத்த தேதியா அது? 40-ல எடுத்த நெகட்டிவை 46-ல திரும்ப பிரிண்ட் போட்டிருக்கலாம். உங்க வாட்ச் வாதம் நெகட்டிவுக்கும் பொருந்துமே அக்கா.

#21 இருட்டறை_அகிலா

பொருந்தும், மறுக்கல. ஆனா இது பிரிண்ட்டைத் திரும்ப போட்டோ எடுத்துப் போட்ட காப்பி இல்ல. அப்படி எடுத்தா சின்ன விவரமெல்லாம் கொழகொழன்னு ஆயிடும், கருப்பு மொத்தமா மூடிடும். இங்க மூணு ஸ்க்ரூவோட தலை தெரியுது, நிழலுக்குள்ள பேக்கலைட் ஓரம் தெரியுது. அசல் நெகட்டிவ்லேருந்து நேரா போட்டது. இசைக்குழு விளம்பரப் படம்னா எடுத்த வாரமே கட்டுக்கட்டா பிரிண்ட் போட்டு ஹோட்டல், ரேடியோ ஸ்டேஷன்னு அனுப்புவாங்க. மூணு வருஷம் கழிச்சு அதே படத்தைப் போடறது நடக்கும், ஆனா வழக்கம் அது இல்ல. அதனால 1943-க்கு அப்புறம்னுதான் நான் சாயறேன்.

#22 தரைதட்டிய_ஸ்ட்ராட்

படம் இடம் வலம் மாறியிருக்கான்னு யாரும் பார்க்கலையே?

#23 ஆறுகம்பி

பார்த்தாச்சு. மடியில வெச்சு வாசிக்கிறவரோட ஹெட்ஸ்டாக் (கிட்டார் கழுத்து நுனி) நமக்கு வலது பக்கம் இருக்கு, அது சரி. அது மட்டும் போதாது, இடது கைக்காரரா இருக்கலாம். கோட்டைப் பாரு. ஆம்பளைங்க கோட்டுல மேல் பாக்கெட் போட்டிருக்கிறவரோட இடது மார்புல, அதாவது நம்ம கண்ணுக்கு வலது பக்கம் இருக்கணும். யுகலேலேக்காரருக்கு அப்படித்தான் இருக்கு.

#24 பசடேனா_பழசு

யூவி அடிச்சுப் பார்த்தேன். ஒளிரல. மங்கலான மஞ்சள் மட்டும்தான். பக்கத்துல சமீபத்துல எடுத்த போட்டோ ஒண்ணை வெச்சா அது பளீர்னு எரியுது, வித்தியாசம் நல்லாவே தெரியுது.

சோல் ஹோபீ பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே?

#25 லிங்கம்_லேப்ஸ்டீல்

முகத்தை வச்சு நான் சாட்சி சொல்ல மாட்டன். ஆனால் காலம் ஒத்துவரேல்லை. ஹோபீ ஹவாயிலிருந்து வந்து லாஸ் ஏஞ்சலஸிலை பேர் எடுத்தவர், முதல் நேஷனல் ட்ரைகோன் எண்ட உலோகக் கிட்டாரிலை வாசிச்சு, பிறகு ரிக்கன்பேக்கருக்கு மாறினவர், அதெல்லாம் உண்மை. ஆனால் 1938-ல அவர் கிளப் மேடைகளை விட்டுட்டு எய்மி செம்பிள் மெக்ஃபெர்சன் எண்ட கிறிஸ்தவப் பிரசங்கியாரின்ர ஊழியத்திலை சேர்ந்து பிரசங்கத்துக்குப் போயிட்டார். 1940-க்குப் பிறகு தென்னை மரத் திரைக்கு முன்னாலை பூமாலையோட கிளப் குழு எண்டால் அவர் இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். அந்த நகரத்திலை அப்ப ஹவாய்க் குழுக்கள் எக்கச்சக்கம். பேர் தெரியாத நல்ல வாசிப்புக்காரர் ஒருத்தராயும் இருக்கட்டுமே.

கருவியை வச்சு ஆளைப் பிடிக்கிறதே ஆபத்தான வேலை. ஆளின்ர பேரே கருவியிலை எழுதிக் கிடந்தால் ஒழிய. பிக்ஸ்பி ஸ்டீலிலை அந்த வசதி இருக்கு. பால் பிக்ஸ்பி 1948-ல ஸ்பீடி வெஸ்ட் எண்ட ஸ்டீல் வாசிப்புக்காரருக்குச் செய்து குடுத்ததிலை முன்பலகையிலை அவரின்ர பேரே பெரிசாக் கிடக்கும்.

#26 தரைதட்டிய_ஸ்ட்ராட்

கேப்புல ஒரு கேள்வி. நம்ம நாட்டுப் பழைய படங்கள்லயும் மடியில வெச்சு வாசிக்கிற கிட்டார் வருதே, அதுக்கும் இதே கணக்குதானா?

#27 லிங்கம்_லேப்ஸ்டீல்

இல்லை, அங்கை கவனம் வேணும். ஹவாயைச் சேர்ந்த டாவ் மோ குடும்பம் நாற்பதுகளிலை கல்கத்தாவிலை கன வருசம் இருந்தது, அவை கொண்டுவந்தது அமெரிக்கக் கருவி. பிறகு வான் ஷிப்லி மின் ஹவாயன் கிட்டாரிலை இந்திப் படப் பாட்டுகளை வாசிச்சுத் தட்டுத் தட்டாப் போட்டார். பிரிஜ் பூஷண் கப்ரா கிப்சன் சூப்பர் 400 எண்ட பெரிய எஃப்-ஹோல் கிட்டாரை மாத்தி அமைச்சு, மடியிலை வச்சு ராகம் வாசிச்சார். படத்திலை அதைப் பார்க்கிறவை ஜாஸ் கிட்டார் எண்டு எழுதிப்போடுவினம், நட்டைத் தூக்கி வச்சிருக்கிறதைக் கவனிக்க மாட்டினம். அதோட கல்கத்தாப் பட்டறைகளிலை அங்கேயே செய்து வித்ததும் ஏராளம். அதுகள் அமெரிக்க கேட்டலாக்கிலை கிடையாது. உருவம் ஒத்துப்போகுது எண்டு வருசம் சொல்லப் போனால் கிணத்துக்குள்ளைதான் விழ வேணும்.

#28 தரைதட்டிய_ஸ்ட்ராட்

அப்போ இதையும் ஒரு கை பாருங்க. ஆன்லைன் ஏலத்துல வந்திருக்கு: "டெக்சஸ் நடன இசைக்குழு, 1950, ஃபெண்டர் ப்ராட்காஸ்டருடன்." வெளிர் நிற கிட்டார், கருப்பு பிக்கார்டு (கீறல் விழாம உடம்பு மேல போடற தகடு). பக்கத்துல ரெண்டு கழுத்து ஸ்டீல், கால் வெச்சது. ப்ராட்காஸ்டர்னு போட்டதால விலை எங்கேயோ போகுது.

#29 ஆறுகம்பி

ஹெட்ஸ்டாக்ல எழுத்து படிக்க முடியுதா? முடியலன்னா ப்ராட்காஸ்டர்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. 1950 கடைசியில ப்ராட்காஸ்டர்னு வந்தது. க்ரெட்ஷ் கம்பெனி அதே பேர்ல டிரம் விக்கிறோம்னு சொன்னதும் 1951 ஆரம்பத்துல ஹெட்ஸ்டாக் ஸ்டிக்கர்லேருந்து அந்தப் பேரை வெட்டிட்டு ஒட்டினாங்க, அப்புறம் டெலிகாஸ்டர் ஆச்சு. கருப்பு பிக்கார்டு 1954 கடைசி வரைக்கும் வந்துட்டே இருந்தது. ஸ்டிக்கரைத் தவிர்த்துப் பார்த்தா, தூரத்துப் படத்துல மூணும் ஒண்ணுதான்.

#30 லிங்கம்_லேப்ஸ்டீல்

அந்த ஸ்டீலைப் பாருங்கோ. ரெண்டு கழுத்தும் ஒரே மட்டத்திலை இல்லை, பின்னது உயர்ந்து படி மாதிரி நிக்குது. ஒவ்வொரு கழுத்திலையும் ரெண்டு பிக்கப். இரைச்சலை வெட்ட அப்படி வச்சவை. அது ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர். 1953-ல வந்தது. 1950 எண்டு போட்டது பச்சைப் பொய், இல்லாட்டி ஆசை.

#31 வால்வுமாமா

பின்னால ஆம்ப்பும் அகலப் பலகைதானுங்க. 53-க்கு முன்னால இல்ல. காசைப் பத்திரமா வெச்சுக்க தம்பி.

#32 பசடேனா_பழசு

என் படத்துக்கு இப்படி எழுதலாம்னு இருக்கேன்: "பெயர் தெரியாத ஹவாய் இசைக்குழு. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோ பிரிண்ட், 1943-க்குப் பின். ரிக்கன்பேக்கர் பேக்கலைட் (சுமார் 1940), கிப்சன் இஎஸ்-150 (1936–40), ஷ்யூர் 55." படத்துக்கு ஒரு வருஷம், கருவிக்கு ஒரு வருஷம்னு தனித்தனியா. ஆட்சேபம் உண்டா?

#33 ஆறுகம்பி

எனக்கு உண்டு. "பிரிண்ட்" ங்கிற வார்த்தையை எடுக்காத வரைக்கும் சரி. படம் 1940-ல எடுத்ததா இருக்க இன்னும் வாய்ப்பு இருக்கு, அதை நான் விடறதா இல்ல. ஸ்டுடியோ பேர்ல ரெண்டு மூணு எழுத்து தேறினாலும் போதும். லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்துல பழைய ஊர் முகவரிப் புத்தகமெல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. போருக்கு முந்தின புத்தகத்துல அந்தத் தெருவுல அந்த ஸ்டுடியோ இருக்கான்னு பாருங்க. இல்லவே இல்லன்னா அகிலா அக்கா பக்கம் சாயறேன்.

#34 இருட்டறை_அகிலா

ஸ்டாம்ப்பை சாய்வா விளக்கு அடிச்சு, சிவப்பு, பச்சை, நீலம் மூணு சேனலையும் பிரிச்சுப் பாருங்க சார். ஊதா மை பச்சை சேனல்ல நல்லா எழும்பும்.

#35 வால்வுமாமா

அப்படியே அந்தப் பாதிப் பெட்டியையும் ஒருக்கா பெருசாக்கிப் போடுங்க. துணி நெசவு தெரிஞ்சா எந்த ஆம்ப்புன்னு சொல்லிடலாம்.

#36 பசடேனா_பழசு

பச்சை சேனல்ல பார்த்தேன். "…ர்ன் ஸ்டுடியோஸ்"னு முடியுது, தெரு நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் 6, 4. முகவரிப் புத்தகத்தைத் தேடிட்டு வந்து இங்கேயே போடறேன். மாமா, பெட்டியோட ஸ்கேன் கீழ இருக்கு.